செய்யாமல் விட்ட பெருக்கல்கள்

விமானத்திலோ செயற்கைக்கோளிலோ பறக்கும் ரேடார் ஒன்று நிலத்தைப் பார்த்து அனுப்பும் தரவை அப்படியே திரையில் விரித்தால், சாம்பல் நிற இரைச்சல்தான் தெரியும். ஆறும் தெரியாது, மலையும் தெரியாது. ஒரு பாலத்தின் இரும்பில் பட்டுத் திரும்பிய எதிரொலி, அடுத்தடுத்து அனுப்பிய ஆயிரக்கணக்கான துடிப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிடக்கும். பக்கத்து வயலின் எதிரொலி அதன்மேலேயே ஏறிக் கிடக்கும். இவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய புள்ளியில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் படம் என்று ஒன்று உண்டாகிறது. அந்தச் சேர்ப்பு முழுக்க முழுக்கக் கணக்கு. ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆன்டெனாக்களையும் ராக்கெட்டுகளையும், ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூடிய கணினிகளையும் பற்றியே பேசுகிறார்கள். இரவிலும் மேகத்தினூடேயும் நிலத்தைப் பார்க்கும் திறன் நமக்குக் கிடைத்ததற்கு முதன்மையான காரணம் வேறு என்பது என் கருத்து. எந்தப் பெருக்கல்களைச் செய்ய வேண்டியதே இல்லை, எண்களை எந்த வரிசையில் அடுக்கி வைத்தால் வேலை குறையும் என்று யோசித்தவர்களே அந்தத் திறனைச் சாத்தியமாக்கினார்கள்.

சிக்கலின் வேர் இயற்பியலில் இருக்கிறது. அலைநீளத்தை ஆன்டெனாவின் நீளத்தால் வகுத்தால் கற்றையின் விரிவு கிடைக்கும். 1978இல் அமெரிக்கா ஏவிய சீசாட் செயற்கைக்கோளின் ரேடார் 23.5 செ.மீ. அலைநீளத்தில் இயங்கியது. அதன் ஆன்டெனா 10.74 மீட்டர் நீளம். சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அதன் கற்றை தரையில் 18 கி.மீ.க்கு விரிந்துவிடும். 25 மீட்டர் அளவுக்குக் கூர்மை வேண்டுமென்றால் எட்டு கிலோமீட்டர் நீள ஆன்டெனா தேவை. இதற்கு மாற்றுவழி ஒன்றை அரிசோனாவில் குட்இயர் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் வைலி 1951இல் கண்டார். கற்றைக்குள் முன்னால் இருக்கும் பொருளின் எதிரொலியும் பின்னால் இருக்கும் பொருளின் எதிரொலியும் டாப்ளர் விளைவால் சற்றே வேறுபட்ட அதிர்வெண்ணில் திரும்பும். அந்த வேறுபாட்டைக் கொண்டே அவற்றைப் பிரித்துவிடலாம். இல்லினாய் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் தனியாக இதே முடிவுக்கு வந்து, 1953 ஜூலையில் ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் பகுதியைப் படமாக்கிக் காட்டியது. சிறிய ஆன்டெனா தன் பாதையெங்கும் சேகரித்த எதிரொலிகளைப் பின்னால் ஒன்றுசேர்த்து, கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஆன்டெனா போலச் செயல்பட வைப்பதே செயற்கைத் துளை ரேடார். கருத்து எளிது. ஒன்றுசேர்ப்பதற்குத் தேவையான கணக்கைச் செய்ய அன்று எந்த இயந்திரமும் இல்லை.

முதல் விடை கணினித் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வகத்தில் லூயிஸ் கட்ரோனா, எம்மெட் லீத் முதலானோர் எதிரொலிகளை ஒரு குழாய்த் திரையில் ஒளிக்கோடாக வரைந்து, நகரும் படச்சுருளில் பதித்தார்கள். சுருளின் குறுக்கே ஒரு கோடு என்றால் ஒரு துடிப்பின் எதிரொலி. சுருளின் நீளவாக்கில் விமானத்தின் பயணம். கழுவி எடுத்த அந்தச் சுருளின் வழியாக ஒத்திசைந்த ஒளியைச் செலுத்தி, உருளை வடிவ, கூம்பு வடிவ வில்லைகளில் விழச் செய்தால், மறுபுறத்தில் நிலப்படம் தோன்றும். 1957 ஆகஸ்டில் அவர்களுக்கு முதல் நல்ல படம் கிடைத்தது. தரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சுருளில் ஒளியைத் தானே குவிக்கும் ஒரு கோலமாகப் பதிவாகிறது என்று கண்ட லீத், அந்த வழியே சென்று ஜூரிஸ் உபட்னியெக்ஸுடன் சேர்ந்து 1960களில் லேசர் ஹாலோகிராமை உருவாக்கினார். ரேடார் பொறியியல் ஒளியியலுக்குத் தந்த பெரும் கொடை அது. அது இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டும்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு இங்கேயே எழும். வில்லை எந்தக் கணக்கும் போடாமல் ஒளியின் வேகத்தில் படத்தைத் தந்துவிட்டதே, பிறகு எண்களை நிரை நிரலாக அடுக்கிய அணி எங்கே வந்தது, பெருக்கல் எங்கே வந்தது? படச்சுருளையே பார்த்தால் விடை கிடைக்கும். குறுக்குக் கோடுகள் நிரைகள், நீளக் கோடுகள் நிரல்கள். அது எண்களுக்குப் பதிலாகக் கருமையைக் கொண்டு எழுதப்பட்ட ஓர் அணி. வில்லை செய்வது, அலையை அதிலடங்கிய அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றம். தொலைவுக்கேற்பக் குவியத் தூரம் மாற வேண்டியிருந்ததால்தான் கூம்பு வில்லை தேவைப்பட்டது. பின்னாளில் கணினி நிரலில் ஒவ்வொரு தொலைவுக்கும் தனித்தனி வடிகட்டி என்று எழுதப்பட்டதும் இதையேதான். ஆக, வில்லோ ரன் குழு கணக்கைத் தவிர்க்கவில்லை, அதைக் கண்ணாடியிடம் ஒப்படைத்தது. கண்ணாடிக்கு ஓர் எல்லை இருந்தது. மிகப் பளிச்சென்ற எதிரொலியையும் மிக மங்கியதையும் ஒருசேரப் படச்சுருளால் தாங்க முடியவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு: சுருளில் முடிவாகக் கிடைப்பது பிரகாசம் மட்டும்தான். திரும்பிய அலை மேட்டில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்ற கட்டத் தகவல் மறைந்துவிடும். 1992 ஜூனில் கலிபோர்னியாவின் லேண்டர்ஸ் நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 செயற்கைக்கோள் எடுத்த தரவை ஒப்பிட்டு, 28 மில்லிமீட்டருக்கு ஒரு வளையம் என்று நிலம் நகர்ந்த அளவை வரைந்து காட்ட முடிந்தது. எண்களாகக் கணக்கிட்டுக் கட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

அந்த எண்கணக்கின் பருமனைச் சீசாட்டைக் கொண்டு பார்க்கலாம். 1978 ஜூன் இறுதியில் ஏவப்பட்டு, மின்கோளாறால் அக்டோபர் 10 அன்று செயலிழந்த அந்தச் செயற்கைக்கோள் நூற்றுச் சொச்ச நாள்களே வாழ்ந்தது. அதன் ரேடார் வினாடிக்கு ஏறத்தாழ 1,600 துடிப்புகளை அனுப்பியது. ஒவ்வொரு துடிப்பின் எதிரொலியிலும் 13,680 அளவீடுகள். நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர் கொண்ட ஒரு பரப்பைக் கடக்கப் பதினைந்து வினாடி என்றால், சேர்வது 30 கோடிக்கு மேற்பட்ட அளவீடுகள். ஒவ்வொரு படப்புள்ளியும் எல்லா அளவீடுகளையும் சார்ந்தது என்று வைத்து முழு அணியாக எழுதிப் பெருக்கினால், 9க்குப் பின்னால் பதினாறு சுழி போட்ட அத்தனை பெருக்கல்கள். வினாடிக்குப் பத்து லட்சம் பெருக்கல் செய்யும் இயந்திரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 2,800 ஆண்டு வேலை. இதில் பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கற்றைக்கு வெளியே இருக்கும் இடத்திலிருந்து எதிரொலி வராது என்பதால் அணியின் உறுப்புகளில் மிகப்பெரும்பாலானவை சுழி. தொலைவுத் திசையையும் பயணத் திசையையும் பிரித்துக் கையாளலாம் என்று கொண்டால், பயணத் திசையில் ஒரு புள்ளிக்குச் சுமார் 4,000 துடிப்புகளின் பங்களிப்பைக் கூட்டினால் போதும். அதே இயந்திரத்துக்கு அது இரண்டு வாரம். பதினைந்து வினாடிப் பயணத்துக்கு இரண்டு வாரக் கணக்கு என்றால் அந்தச் செயற்கைக்கோளை எண்முறையில் பயன்படுத்தவே முடியாது.

இரண்டு வாரத்தைச் சுருக்கியது அந்த அணியின் உள்ளமைப்பு. ரேடார் சீரான வேகத்தில் சீரான இடைவெளியில் துடிப்பு அனுப்புகிறது. ஆகவே ஒரே தொலைவில் உள்ள இரு புள்ளிகளின் எதிரொலி வரலாறு ஒன்றேதான், ஒன்று மற்றதைவிடச் சில துடிப்புகள் தள்ளித் தொடங்கும், அவ்வளவே. அணியின் மொழியில் சொன்னால், ஒவ்வொரு நிரையும் மேல்நிரையை ஓரிடம் நகர்த்திய நகல். இப்படிப்பட்ட அணியை ஃபூரியர் உருமாற்றத்துக்கு உட்படுத்தினால் அது மூலைவிட்ட அணியாகிவிடும். மூலைவிட்டத்தில் மட்டுமே எண்கள் இருப்பதால் உறுப்புக்கு ஒரு பெருக்கல் போதும். உருமாற்றத்தையே விரைவாகச் செய்யும் வழியை ஜேம்ஸ் கூலியும் ஜான் டியூக்கியும் 1965இல் வெளியிட்டிருந்தார்கள். அதே வழியைக் காஸ் 1805 வாக்கிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணிக்க எழுதிவைத்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அவர் காலத்தில் ஒரு கணக்கில் பன்னிரண்டு எண்கள் இருந்தால் பெரிது. நாலாயிரம் எண்கள் கொண்ட கணக்கு வந்து நின்ற காலத்தில்தான் அந்தச் சிந்தனையின் முழு மதிப்பு வெளிப்பட்டது. 4,096 நீள வடிகட்டியை நேராகச் செலுத்தினால் புள்ளிக்கு 4,096 பெருக்கல். உருமாற்றி, பெருக்கி, திரும்ப உருமாற்றினால் புள்ளிக்கு முப்பதுக்கும் குறைவு. இரண்டு வாரம் இரண்டரை மணி நேரமாகிறது.

ஆனால் மேலே நான் பிரித்துவைத்த இரு திசைகள் உண்மையில் அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. ரேடார் கடந்துபோகும்போது ஒரு புள்ளிக்கும் அதற்கும் இடையிலுள்ள தொலைவு மாறிக்கொண்டே இருக்கும். பூமியும் சுழல்கிறது. அதனால் அந்தப் புள்ளியின் எதிரொலி ஒரே நிரலில் நிற்காமல் பல நிரல்களை வளைந்து கடக்கும். வளைவை நேராக்காமல் கூட்டினால் படம் மங்கும். புள்ளிக்குப் புள்ளி நேராக்கினால் சேமித்த நேரமெல்லாம் போய்விடும். கனடாவின் வான்கூவர் பகுதியில் இயங்கிய மெக்டொனால்ட், டெட்வைலர் நிறுவனத்தின் பொறியாளர்கள் இங்கேதான் தங்கள் முத்திரையைப் பதித்தார்கள். பயணத் திசையில் ஃபூரியர் உருமாற்றம் செய்த பிறகு, ஒரே தொலைவிலுள்ள அத்தனை புள்ளிகளின் வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். அந்த நிலையில் ஒரு வளைவை நேராக்கினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரே வீச்சில் நேராகும். ரேஞ்ச்-டாப்ளர் என்று பெயர்பெற்ற இந்த முறையில் 1978 நவம்பரில் கியூபெக்கின் த்ருவா ரிவியேர் பகுதியை அவர்கள் படமாக்கினார்கள். விண்வெளி ரேடார் தரவிலிருந்து எண்முறையில் உருவான முதல் படம் அது. பெரிய ஆய்வகங்களையும் விமான நிறுவனங்களையும் முந்தி ஒரு சிறிய நிறுவனம் ஒரு மினிகணினியை வைத்துக்கொண்டு இதைச் சாதித்தது. சீசாட்டின் முழுப் பரப்பில் ஒரு பகுதியை மட்டும் படமாக்கவே அந்தக் கணினிக்கு ஒரு முழு நாளுக்கு மேல் ஆயிற்று.

பெருக்கலுக்கு அப்பால் இன்னொரு செலவும் இருந்தது. அது பாராட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. எதிரொலிகள் துடிப்புக்குத் துடிப்பு, அதாவது நிரை நிரையாக வந்து வட்டில் எழுதப்படும். பயணத் திசைக் கணக்குக்கு வேண்டியது நிரல். நூறு ஓலைகள் கொண்ட சுவடியில் ஒவ்வோர் ஓலையின் ஏழாவது எழுத்தை மட்டும் கேட்டால், கட்டை அவிழ்த்து நூறு ஓலையையும் புரட்டித்தான் ஆக வேண்டும். எட்டாவது எழுத்துக்கு மறுபடியும் நூறு. அன்றைய மினிகணினியின் நினைவகம் ஒரு மெகாபைட்டைச் சுற்றியே இருந்ததால் தரவு முழுவதையும் உள்ளே கொண்டுவரவும் வழியில்லை. 4,096 நிரை, 4,096 நிரல் கொண்ட அணியை வட்டிலிருந்து நிரல் நிரலாக எடுத்தால் ஒரு கோடியே 67 லட்சம் முறை வட்டைத் தொட வேண்டும். தொடுகைக்கு 30 மில்லிவினாடி என்று வைத்தாலும் ஐந்தே முக்கால் நாள் ஆகும். பெருக்கலில் மிச்சம்பிடித்த நேரம் முழுவதையும் இது விழுங்கிவிடும். 1972இல் சுவீடனைச் சேர்ந்த எக்லுண்ட் இதற்கு ஒரு வழி சொன்னார். எந்த நேரத்திலும் நினைவகத்தில் இரண்டே நிரைகள். முதல் சுற்றில் அடுத்தடுத்த இரு நிரைகளை எடுத்து, மேல்நிரையின் இரண்டாம் எண்ணையும் கீழ்நிரையின் முதல் எண்ணையும் இடம்மாற்றி, நிரை முழுவதும் இப்படியே செய்து திருப்பி எழுத வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டிரண்டு எண்கள் கொண்ட கட்டங்களை, அதற்கடுத்து நான்கு நான்காக. பன்னிரண்டு சுற்று முடிந்ததும் நிரையெல்லாம் நிரலாகியிருக்கும். வட்டைத் தொடுவது ஒரு லட்சம் முறைக்கும் குறைவு, நேரம் ஐம்பது நிமிடம். ஒரு பெருக்கல்கூட இல்லாத இந்த வேலை, பெருக்கல் அனைத்துக்கும் சமமான முக்கியத்துவம் உடையது. பொறியாளர்கள் இதைக் 'கார்னர் டர்ன்' என்பார்கள். வைலி வேலை பார்த்த அதே குட்இயர் குழுமத்தில் கென்னத் பேட்சர் 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த ஸ்டாரன் கணினியின் நினைவகம், நிரையாகவும் நிரலாகவும் ஒரே வேகத்தில் படிக்கும்படி கட்டப்பட்டிருந்தது. எண்களை நகர்த்துவதே பெரும் செலவு என்று அங்கே புரிந்திருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வில் ஸ்டோல்ட் 1978இல் தந்த ஃபூரியர் முறையை, இத்தாலியின் கஃபோரியோ, பிராட்டி, ரோக்கா மூவரும் 1991இல் ரேடாருக்குக் கொண்டுவந்தார்கள். நிலத்துக்குள் போய்த் திரும்பும் ஒலியும் விண்ணுக்குத் திரும்பும் வானலையும் கணக்கில் ஒன்றே என்று அவர்கள் கண்டார்கள். கனடாவையும் ஜெர்மனியையும் சேர்ந்த ரேனி, ருங்கே, பாம்லர், கம்மிங், வாங் ஆகியோர் 1994இல் முழுமையாக விளக்கிய 'சர்ப் ஸ்கேலிங்' முறை, வளைவை நேராக்கத் தேவைப்பட்ட இடைக்கணிப்பையே நீக்கி, வெறும் உருமாற்றமும் பெருக்கலுமாக வேலையைச் சுருக்கியது. கட்டத் தகவல் சிதையாமல் காப்பாற்றப்பட்டதே இதன் பெரிய பயன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. இந்தச் சாமர்த்தியமெல்லாம் பலவீனமான இயந்திரங்களுக்குத் தேவைப்பட்ட ஊன்றுகோல், சிப்புகள் வளர்ந்ததும் சிக்கல் தானே தீர்ந்திருக்கும் என்பார்கள். மேலே போட்ட கணக்கையே திரும்பப் பார்ப்போம். முழு அணிப் பெருக்கலுக்கும் உருமாற்ற வழிக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு. இயந்திரங்கள் வினாடிக்குப் பத்து லட்சம் பெருக்கலிலிருந்து, ஒரு கோடி மடங்கு அதிகமான இன்றைய வரைவியல் செயலிகளின் வேகத்தை எட்ட நாற்பது ஆண்டு பிடித்தது. அந்த ஒரு கோடி மடங்கு லாபம் 1978இலேயே தாளில் எழுதிக் கையில் இருந்தது. அதில் பெரும்பங்கு கற்றையின் வடிவம் தந்த இலவசம் என்று கழித்துவிட்டாலும் மிஞ்சும் நூற்றைம்பது மடங்கு சாதாரணமானதன்று. அந்த மடங்குதான் இரண்டு வாரத்தை இரண்டரை மணி நேரமாக்கியது. காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் முக்கியம். 1990 முதல் 1994 வரை வெள்ளிக் கோளைச் சுற்றிய மெகல்லன் விண்கலத்தின் ரேடார், நிரந்தர மேகத்தின் அடியிலிருந்த தரையில் 98 விழுக்காட்டை வரைந்தது. லேண்டர்ஸ் நிலநடுக்கம் 1992இல் வந்தது. இவை எந்தச் சிப்புக்காகவும் காத்திருக்கக்கூடியவை அல்ல.

மூன்றாவது மறுப்பை நான் லேசாகத் தள்ள மாட்டேன். அண்மைக் காலத்தில் துறை 'பேக் புரொஜெக்ஷன்' என்ற பழைய நேர்வழிக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு படப்புள்ளியாக எடுத்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதன் எதிரொலி எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கூட்டும் முறை அது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நைசார், சீசாட்டைப் போலவே 24 செ.மீ. அளவிலான எல் அலைவரிசையையும், அகமதாபாதில் உருவான எஸ் அலைவரிசை ரேடாரையும் சுமக்கிறது. ஒரே பயணத்தில் 240 கி.மீ. அகலத்தைப் பார்க்கிறது. அதன் எல் அலைவரிசைத் தரவைப் படமாக்க நாசா தரப்பு எழுதி வெளியிட்ட மென்பொருள் இந்த நேர்வழியைத்தான் கையாள்கிறது. அப்படியானால் குறுக்குவழிகளின் காலம் முடிந்ததா? இவ்வளவு அகலமாகப் பார்க்கும் ரேடாரால், துடிப்பை அனுப்பும் கணத்தில் எதிரொலியைக் கேட்க முடியாது, அதனால் படத்தில் குருட்டுப் பட்டைகள் விழும். அவை ஒரே இடத்தில் நிலைக்காமலிருக்கத் துடிப்புகளின் இடைவெளியை வேண்டுமென்றே மாற்றிக்கொண்டே போவது ஒரு தீர்வு. இடைவெளி சீராக இல்லாதபோது, ஒவ்வொரு நிரையும் மேல்நிரையின் நகர்ந்த நகல் என்ற உள்ளமைப்பு உடைந்துவிடுகிறது. ஃபூரியர் வழி நின்ற தரையே அதுதான். உள்ளமைப்பு இருந்தவரை கிடைத்த சலுகை, அது போனதும் போகிறது. நேர்வழியைத் தேர்பவர்கள் அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்கும்போதும் அவர்கள் முழுவிலை கொடுப்பதில்லை. தொலைவுத் திசையில் எதிரொலியைக் கூர்மையாக்கும் வேலை இன்னும் ஃபூரியர் வழியில்தான் நடக்கிறது. துடிப்புகளைச் செயலியின் அருகிலுள்ள நினைவகத்தில் அடங்கும்படி தொகுதி தொகுதியாக நறுக்கித்தான் கூட்டுகிறார்கள். சுவீடனின் உலாண்டர், ஹெல்ஸ்டன், ஸ்டென்ஸ்ட்ரோம் 2003இல் காட்டியபடி, அடுத்தடுத்த துடிப்புகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, குழுக்களைப் பெரிய குழுக்களாகச் சேர்த்துக்கொண்டே போனால், நேர்வழியிலும் கூலி-டியூக்கி முறைக்கு நிகரான சிக்கனம் கிடைக்கிறது. படத்தைத் தரையில் உருவாக்காமல் செயற்கைக்கோளிலேயே உருவாக்கி அனுப்ப முயல்வோர், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறிய செயலியை வைத்துக்கொண்டு முதலில் போடும் கணக்கு, நிரையாக வந்து கொட்டும் எதிரொலிகளை நிரலாகத் திருப்ப எவ்வளவு நினைவகத்தை மேலே ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதுதான்.